அபேஸ் மாமாவின் மூக்கு

"நம்ம அபேஸ் மாமா ஆன்ட்டி மாதிரி இருக்காராம்" என்று ரஞ்சித் சொன்னதும் அமலா கடித்த போண்டாவை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது ரஞ்சித்தின் கார்ட்டூன் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பக்கெட், அவ்வளவுதான். அங்கே தயாராகும் குழந்தைக் கதைகளில் வருகிற மனிதர், மாடு, பூதம் எல்லோருக்கும் மூஞ்சி கொடுக்கிறவள் அமலா. அவள் கொடுத்த மூஞ்சிகளிலேயே பேர்போனது அபேஸ் மாமா. தலையில் தொப்பி, கூனல் முதுகு, கொக்கி மாதிரி வளைந்து உதட்டைத் தொடும் மூக்கு, நீளநீள விரல், இடுப்பில் ஒரு காசுப் பை. ஊரில் எந்தக் குழந்தையின் மிட்டாய் காணாமல் போனாலும் அது அபேஸ் மாமாவின் பைக்குள்தான் இருக்கும்.

இந்தக் கதைகளை வாங்கிப் பல நாடுகளில் ஓட்டுவதற்கு ஒரு வெளிநாட்டு சேனல் முன்வந்திருந்தது. அந்த சேனலுக்காக ஆரோவில்லிலிருந்து பேசுகிற தாலியா என்ற பெண்தான் இங்கிலீஷில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ரஞ்சித் அதை மறுபடி போட்டான். ரயில் ஓடுகிற வேகத்தில் வந்த பேச்சில் 'ஆன்ட்டி செமிட்டிக்' என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஆன்ட்டி சரிண்ணா, செமிட்டிக்னா?" என்றாள் அமலா.

"செமின்னா பாதி. செமி ஃபைனல் இல்ல? அப்ப பாதி ஆன்ட்டி மாதிரி இருக்காருன்றாங்க" என்று ரஞ்சித் அடித்துச் சொன்னான். என்ஜினீயரிங்கில் மூன்று பேப்பர் பாக்கி வைத்தவன். எதையும் அடித்துச் சொல்லிவிடுவான். "அந்தத் தொப்பிக்குக் கீழ முடி நீளமா கெடக்குல்ல, அதான். ஒண்ணும் பேஜாரு இல்ல. ஒரு மீசைய வெச்சி ஜல்தியா அனுப்பிடு."

அமலா வைத்தாள். சும்மா இல்லை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட கருகரு மீசை. அதற்குப் பொருத்தமாகப் புருவத்தையும் கொஞ்சம் தடிப்பாக்கி, ஆம்பிளைத்தனம் போதாதோ என்று மூக்கை இன்னும் அரை விரற்கடை இழுத்தும் விட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை மௌஸால் செய்தாள்.

அபேஸ் மாமா என்றால் அவளுக்குத் தனிப் பாசம் உண்டு. காரணம் அவள் அப்பா ஆரோக்கியராஜ். திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையிலிருந்து கல்யாண வீட்டுச் சேர் வரைக்கும் ஏற்றுவார். அவருக்கும் அதே மூக்குதான். முதல் கதை வந்த அன்றே ஆட்டோ ஸ்டாண்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்: "யோவ் ஆரோக்கியம், உம்பொண்ணு உன்னையே வரைஞ்சி விட்டுட்டாய்யா!" இன்னொருவராக இருந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இவருக்கோ வாயெல்லாம் பல். ஆட்டோவின் முன்கண்ணாடியில், மாதா படத்துக்குப் பக்கத்திலேயே அபேஸ் மாமா ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார். லோடு இறக்குகிற இடத்திலெல்லாம் குழந்தைகள் 'அபேஸ் மாமா' என்று பின்னால் ஓடிவந்தால், கூனிக் காட்டி, விரலை நீட்டி அவர்களைத் துரத்திவிட்டுத்தான் அடுத்த சவாரி. "என் மூஞ்சி வெளிநாட்டுக்குப் போவுதுய்யா, எனக்குத்தான் பாஸ்போர்ட் இல்ல" என்று ஒரு வாரமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீசை போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தாலியாவே ஸ்கூட்டரில் விழுப்புரம் வந்து இறங்கிவிட்டாள்.

நாற்பது வயது இருக்கும். பருத்திச் சட்டை, வெயிலில் சிவந்த முகம். தமிழை அவள் ஆரோவில்லுக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊர்க் கொத்தனார்களிடம் கற்றிருந்தாள். அதனால் அந்தத் தமிழில் வேகம் அதிகம், மரியாதை கம்மி.

"கோவம்லாம் இல்ல. கொஞ்சம் பேஜாரா கீது, அவ்ளோதான்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். "அந்த மீசை இன்னாத்துக்கு?"

ரஞ்சித் பாதி ஆன்ட்டிக் கணக்கை விளக்கினான். தாலியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அமலா பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆன்ட்டி இல்லப்பா இது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது வேற. எதிர்ப்பு, வெறுப்புன்னு அர்த்தம். யூதருங்கள வெறுக்கறதுக்குப் பேரு அது."

"மேடம்!" ரஞ்சித் எழுந்தே விட்டான். "இந்த ரூம்ல யாரும் ஒரு யூதரக்கூட பாத்தது கெடையாது. பாக்காதவங்கள எப்படி மேடம் வெறுக்க முடியும்?"

"இப்ப பாத்துக்கினுதானே இருக்கற?"

ரஞ்சித்தின் கண் நேராக அவள் மூக்குக்குப் போயிற்று. மல்லாட்டைப் பருப்பு மாதிரி சின்ன மூக்கு. "உங்களுக்கு அந்த மாதிரி இல்லியே மேடம்!" என்று சொல்லியும் விட்டான். அமலா மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். மிதி ஒரு வாக்கியம் தாமதம்.

"அதான் மேட்டரே" என்றாள் தாலியா. போனைத் திறந்து பழைய படங்கள் சிலவற்றைக் காட்டினாள். நூறு வருஷத்துப் படங்கள், ஐரோப்பாவில் அச்சடித்தவை. கூனல் முதுகு. கொக்கி மூக்கு. பருந்து நகம்போல் வளைந்த விரல். மடியில் காசு மூட்டை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் அபேஸ் மாமா மீசையோடு நின்றுகொண்டிருந்தார். கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"எங்க தாத்தா ஊர்ல செவுத்துல இத ஒட்டுனாங்க. ஊர்ல எது கெட்டுப் போனாலும் இவன்தான் காரணம்னு கீழ எழுதி இருக்கும். ஜனம் சிரிச்சாங்க. சிரிச்சிக்கினே இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் வீடு வீடா வந்து ஆளுங்கள கூட்டிக்கினு போனாங்க. தாத்தா ஒருத்தர்தான் தப்பிச்சார்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று இங்கே ஒரு சொல் உண்டு. இளைத்தவன் தலையில் எதையும் ஏற்றலாம் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த தொழில்தான் போலிருக்கிறது.

"நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்" என்று தாலியா அமலாவைப் பார்த்தாள். "ஆனா இதப் பாத்தா காப்பி அடிச்ச மாதிரி கீது. யாரப் பாத்து வரைஞ்ச?"

"யாரையும் இல்ல மேடம். மனசுல வந்துது."

"சும்மா சொல்றா மேடம், அவங்க அப்பாவ பாத்துதான்!" என்று ரஞ்சித், காப்பாற்றுகிற நினைப்பில், போட்டு உடைத்தான்.

தாலியாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "அய்யய்யோ" என்றாள், அச்சு அசல் இரும்பைக் கொத்தனார் மாதிரியே. "அப்பா முகமா? அவருக்குத் தெரியுமா? இப்ப அவருகிட்ட இன்னா சொல்லுவ?"

அதுதான் அமலாவுக்கும் புரியவில்லை. புது மூஞ்சி வரைவது ஒரு வேலையா? ஈஸ்டர் முடிவதற்குள் வரைந்து கொடுக்கலாம் என்று தாலியாவும் சொல்லிவிட்டாள். ஆனால் உன் மூஞ்சியைப் பார்த்தால் உலகத்தில் ஒரு சனத்துக்கே வயிறு எரியுமாம் அப்பா, அதனால் அழிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எந்த மகள் வாயால் சொல்வாள்? திண்டிவனத்தில் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ஒரு பொய் யோசித்தாள். அதற்கப்புறம் இன்னொரு பொய். இரண்டும் உதவாது. அவர் பொய்யைக் கண்டுபிடிக்கமாட்டார், அப்படியே நம்பிவிடுவார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்திலேயே பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை. பெரிய வெள்ளிக்கிழமை மாலை யேசு பாடுபட்ட கதையை ஊரே சேர்ந்து நடிப்பது இங்கே வழக்கம். நாடகத்தை ஆட்டிவைப்பவர், கோயிலில் ஞானபாடம் சொல்லித்தரும் உபதேசியார் சவரிநாதன். ஆரோக்கியராஜுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரே வேஷம்தான்: காசுக்கு யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். ஒவ்வொரு வருஷமும் அவர் தலைமைச் சீடர் இராயப்பர் வேஷம் கேட்பார், கையில் மோட்சத்தின் பெரிய சாவி இருக்கும் என்பதற்காக. ஒவ்வொரு வருஷமும் உபதேசியார் ஒரே பதில் சொல்வார்: "சாவிய யார் வேணாலும் புடிக்கலாம்யா. இந்த மூக்குக்கு நான் எங்க போவேன்?"

அமலா குகைபோல் கட்டிய மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குருத்தோலையைக் கீழே வைத்துவிட்டு அப்பா யூதாஸின் மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டார். இடுப்பில் காசுப் பையைக் கட்டினார். உடனே முதுகு கூனிற்று, விரல் நீண்டது, கண் ஓரமாகப் போயிற்று. அபேஸ் மாமா நடந்து வந்துகொண்டிருந்தார்.

அப்பா இப்படி நடக்கிற ஆளே இல்லை. மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, பனைமரம் மாதிரி நிமிர்ந்து நடப்பார். வாங்குகிற காசை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் செருகுகிறவர். இத்தனை கதையில் அப்பாவை வரைகிறோம் என்று நினைத்து அவள் வரைந்தது இந்த வேஷத்தைத்தான்.

வேஷம் எங்கிருந்து வந்தது? கோயிலுக்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த படங்கள்தான். வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்தில் கப்பலில் வந்த, யேசுவின் பாடுகளைக் காட்டும் படங்கள். யேசுவுக்கு நேரான மூக்கு. மாதாவுக்கும் நேரான மூக்கு. இராயப்பருக்கும் அப்படியே. 'சிலுவையில் அறையும்' என்று கத்துகிறவர்களுக்கும், காசு எண்ணுகிறவனுக்கும், தலைமைக் குருவுக்கும் மட்டும் கொக்கி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உபதேசியாருக்கு யூதர் என்றால் இன்னார் என்று தெரிந்தது. ஊரில் அந்த மூக்குக்குத் தேடினார், ஆரோக்கியராஜ் அகப்பட்டார். அந்த மூக்கு வாய்க்காத யூத குரு வேஷக்காரர்களுக்கு அட்டையில் மூக்கு செய்து ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிட்டார். எங்கேயோ எவனோ வெறுப்பில் வரைந்தது கடல் தாண்டி வந்து, திண்டிவனத்தில் ஒரு லோடு ஆட்டோக்காரர் முகத்தில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து அவள் கைக்கு இறங்கியிருக்கிறது.

வெளியே வந்தாள். அப்பா ஆட்டோ மேல் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நம்மாளு எப்ப ப்ளைட் ஏறுறாரு?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாதி ஆன்ட்டி, மீசை, தாலியா, செவுத்துப் படம், தாத்தா, வீடு வீடாக வந்தது, ஒன்று விடாமல். அவர் டம்ளரை ஆட்டோவின் சீட்டில் வைத்துவிட்டுக் கேட்டார். முன்கண்ணாடி ஸ்டிக்கரை ஒரு தரம் பார்த்தார். மூக்கை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

"இல்லப்பா. சிரிச்சாங்க. கொஞ்சம் வருத்தம்தான்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடு" என்றார் ஆரோக்கியராஜ். "என் மூஞ்சியால அவங்களுக்குச் சங்கடமா பூட்டுச்சி. தெரியாம நடந்தது, மன்னிச்சிக்கச் சொல்லு. போன் போட்டுக் குடுத்தின்னா நானே சொல்லிடுறேன்."

அமலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெற்றவர், தன் மூக்குக்காகக் கண்காணாத சனத்திடம் மன்னிப்புக் கேட்கிறாரே! "நீ இன்னாத்துக்குப்பா மன்னிப்பு கேக்கற? உன் மூக்கு இன்னா பண்ணுச்சி? நல்லவங்களுக்கெல்லாம் ஒரு மூக்கு, திருடனுக்கு உன் மூக்குன்னு வரைஞ்சவ நான்தானே! உன்னப் பாத்து நான் வரையவே இல்லப்பா. அந்த மஞ்சத் துணியப் பாத்து வரைஞ்சிக்கினு இருந்திருக்கேன்."

"அட, அழாதம்மா. ஊரு பாக்குது." அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் கொஞ்சம் டீசல் வாசம். பிறகு யோசித்தார். "இரு இரு. யூதருங்கள்லகூட எல்லாருக்கும் இந்த மூக்கு இல்லன்ற. எனக்கு இருக்கு, நான் திருடல. அப்ப அந்த மூஞ்சி யாருதுதான்?"

"உள்ள செவுத்துல தொங்குது, போய்ப் பாரு."

இதற்குள் ஊர் பார்த்துவிட்டது. முதலில் பார்த்தவர் உபதேசியார். ஊரில் யார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். இது மூக்கு விஷயமாகவே வேறு இருந்தது. கையில் அட்டை மூக்குகளோடு வந்தார். "இன்னா ஆரோக்கியம், பொண்ணு ஏன் அழுவுது?"

அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "உபதேசியாரே, யேசு யாரு?"

"இதென்ன கேள்வி? ஆண்டவரு."

"எந்தச் சனத்துல பொறந்தாரு?"

"அவரு... கிறிஸ்தவரு" என்று சொல்லிவிட்டு, ஏதோ இடறுகிறது என்று அவருக்கே பட்டு, "யோர்தான்ல ஞானஸ்நானம் வாங்கினாரே!" என்று சேர்த்துக்கொண்டார்.

"யூதருங்க. அவரும் யூதரு, மாதாவும் யூதரு, இராயப்பரும் யூதரு. பன்னெண்டு பேருமே யூதருங்கதான்."

பைபிளை உபதேசியார் தலைகீழாகச் சொல்வார். அதில் எங்கேயாவது இல்லை என்று இருக்கிறதா என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தார் போலும்.

ஆரோக்கியராஜ் மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்தார். காசுப் பையை அதன்மேல் வைத்தார். அவர் குரல் உயரவே இல்லை. "அப்ப ஒண்ணு செய்யலாம் உபதேசியாரே. யூதருக்கு இதான் மூக்குன்னா, எல்லாருக்கும் மாட்டு. இராயப்பருக்கு ஒண்ணு, மாதாவுக்கு ஒண்ணு, யேசுவுக்கு ஒண்ணு. நான் சந்தோசமா யூதாஸ் கட்டுறேன்."

"யேசுவுக்கு அட்ட மூக்கா!" உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "பாவம்யா!"

"அவருக்கு மாட்டுனா பாவம், எனக்கு மாட்டுனா நாடகமா?"

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியார் கையிலிருந்த அட்டை மூக்குகளைப் பார்த்தார். வீசவும் மனசில்லை, மாட்டவும் வழியில்லை. ஜிப்பாப் பையில் திணித்துக்கொண்டார். "சரிய்யா. யாருக்கும் மூக்கு வேணாம். சாவிய நீயே வெச்சிக்க. யூதாஸுக்கு நான் எங்கய்யா போவேன்?"

யாரும் வரவில்லை. ஒருவருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், ஒருவருக்கு முழங்கால் வலி. கடைசியில் உபதேசியாரே கட்டுவது என்று ஆயிற்று. அவருக்கு வெண்டைக்காய்க் காம்பு அளவுக்கு மூக்கு.

திங்கட்கிழமை அமலா புது அபேஸ் மாமாவை வரைந்தாள். நிமிர்ந்த முதுகு, படிய வாரிய தலை, கன்னத்தில் குழி, கூலிங்கிளாஸ், எதையும் அடித்துச் சொல்கிற வாய். மிட்டாய் திருடும்போதுகூட நம்மிடம் ஆலோசனை சொல்லிக்கொண்டே திருடுவான். ஸ்டுடியோவில் எல்லோரும் பார்த்துவிட்டு ரஞ்சித்தைப் பார்த்தார்கள். "செமயா இருக்கு. எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கே" என்றான் ரஞ்சித். தாலியாவிடமிருந்து உடனே சரி என்று வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: அப்பாகிட்ட சொன்னியா? அமலா பதிலுக்குப் பெரிய வெள்ளிக்கு வரச்சொல்லி அழைத்தாள்.

தாலியா வந்தாள். கோயில் வளாகத்தில் கடைசி வரிசையில், அமலாவின் அம்மா கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். அம்மாவின் பேர் பூமாலை. வந்தவளின் கையில் சுக்குக் காப்பியைத் திணித்துவிட்டு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

கடைசி இராப்போஜனம். நீளமான மேசை, வெள்ளை வேட்டியில் பதின்மூன்று பேர். மஞ்சள் துணி இல்லை, கூனல் இல்லை. யேசுவுக்கு வலப்பக்கம் ஆரோக்கியராஜ், இடுப்பில் முழம் நீளச் சாவி, பனைமரம்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று இருந்தது.

யேசு வேஷக்காரர் அப்பத்தைக் கீழே வைத்தார். "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும், பழக்கதோஷத்தில், ஆரோக்கியராஜைப் பார்த்தது. குழந்தைகள் பார்த்தன, கிழவிகள் பார்த்தார்கள், சாமியார் பார்த்தார். யூதாஸாக உட்கார்ந்திருந்த உபதேசியாரே திரும்பி அவரைத்தான் பார்த்தார்.

இராயப்பர் இந்த இடத்தில் 'ஆண்டவரே, நானோ?' என்று கேட்கவேண்டும். ஆரோக்கியராஜ் எழுந்தார். அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு யேசுவிடம் திரும்பி, வசனத்தை விட்டுவிட்டு, ஊருக்கே கேட்கும்படிச் சொன்னார்:

"ஆண்டவரே, நான் இல்லீங்க!"